ஏழரையைக் கூட்டிய ஏழரை எச்.பி.

காங்கேயம் கடைவீதியில் தண்ணீர் மோட்டார் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.ங்க?" என்பதுதான். மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்கிறார். நான் யோசிக்கவே இல்லை. "ஏழரை" என்றேன். ஏன் ஏழரை? பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏழரை போட்டிருந்தார். அவரைவிடச் சின்னதாகப் போட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஏழரை என்றாலே சனி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன், அந்த வார்த்தையை வாயில் எடுக்கும்போதாவது கொஞ்சம் உறைத்திருக்கலாம்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்த மோட்டாரை மூன்று தடவை மேலே தூக்கினேன். இரண்டு தடவை மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) எரிந்தது, ஒரு தடவை பம்பு தேய்ந்தது. இப்போது அதே போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) சின்ன மோட்டார் ஒன்று ஆறு வருடமாகச் சத்தமில்லாமல் ஓடுகிறது. நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, காசு கொடுத்துக் கற்றவன்.

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டில் இருக்கிறது. நாலு ஏக்கர். தாத்தா மாடு கட்டிக் கவலை பூட்டி இறைத்த கிணறு ஒன்று உண்டு, 90 அடி ஆழம். கவலைக்கு நட்ட கல்தூண்கள் இன்னமும் நிற்கின்றன. அப்பா காலத்தில் அதில் 5 எச்.பி. மோனோபிளாக் ஓடியது. மோனோபிளாக் என்றால் மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் இருக்கும், தண்ணீருக்கு வெளியே நிற்கும், குழாயை விட்டுக் கீழிருந்து உறிஞ்சும். விலை குறைவு. உள்ளூரிலேயே யாரும் பிரித்து மாட்டிவிடுவார்கள். ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. மேலே நின்று உறிஞ்சுகிற பம்பு எதுவானாலும் கணக்குப்படி 34 அடிக்கு மேல் தண்ணீரை இழுக்காது, காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தள்ளும். குழாய், குழாய் வளைவு, குழாயின் அடியில் மாட்டுகிற ஃபுட் வால்வு எல்லாவற்றுக்கும் கழித்தால் நடைமுறையில் 20, 22 அடிதான். அதனால் மோட்டார் எப்போதும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கிணற்றுச் சுவரில் மூன்று இடத்தில் பாறையை வெட்டித் திட்டு வைத்திருந்தார் அப்பா. தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரை முதல் திட்டிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு என்று இறக்குவோம். ஒவ்வொரு தடவையும் ஆறு பேர், வடக்கயிறு, ஒரு நாள் வேலை.

இறக்குவதாவது பகலில் நடக்கும். ஏற்றுவது அப்படி இல்லை. ஒரு ஐப்பசி ராத்திரி பதினோரு மணிக்கு மழை பிடித்தது. மோட்டார் கடைசித் திட்டில் இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் பேட்டரி லைட்டோடு உள்ளே இறங்கினார்கள், நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃப்ளாஞ்சு போல்ட் துருப்பிடித்துக் கழலவில்லை. பள்ளத்து வெள்ளம் கிணற்றுக்குள் பாய ஆரம்பித்ததும் அப்பா ஸ்பேனரைத் தண்ணிக்குள் வீசிவிட்டு, "போச்சாது, ஏறு மேல" என்றார். விடிந்து பார்த்தால் மோட்டாருக்கு மேல் பத்தடி தண்ணீர். அப்புறம் அதை எடுத்துப் பிரித்து, காயில் சுற்றியிருக்கிற ஸ்டேட்டரை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே 200 வாட் குண்டு பல்பை எரியவிட்டு இரண்டு நாள் காய வைத்தோம். கோழிக்குஞ்சுக்கு லைட் போடுகிற மாதிரி. ஓடியது, ஆனால் ஆறு மாதத்தில் காயில் போய்விட்டது.

தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற ஓப்பன்வெல் மோட்டார் எங்கள் பக்கம் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த மாதிரி ராத்திரிகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஃபுட் வால்வு இல்லை, தண்ணீர் ஊற்றி நிரப்பும் வேலை இல்லை, தண்டில் கசியாமல் இருக்கக் கிளாண்ட் கயிறு கட்ட வேண்டியதில்லை, மழை வந்தால் எழுந்து ஓட வேண்டியதில்லை. தண்ணீர் மட்டம் வருடத்தில் 20 அடிக்கு மேல் ஏறி இறங்குகிற கிணறாக இருந்தால் மோனோபிளாக்கை நினைக்கவே வேண்டாம். மட்டம் பெரிதாக மாறாத ஏரிக்கரை, ஆற்றங்கரை, தரைத்தொட்டி இவற்றுக்கு இன்றைக்கும் மோனோபிளாக்தான் சரி. ரிப்பேர் என்றால் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறதே.

2016 ஐப்பசி மழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். எங்கள் கிணறு அதற்கு முன்பே தரை தட்டியிருந்தது. 150 தென்னையில் பாளை கருகத் தொடங்கியதும் போர் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். ஆறரை இஞ்ச் போர், 720 அடி. 340 அடியில் ஒரு ஊற்று, 560 அடியில் இன்னொரு ஊற்று. கம்ப்ரசர் காற்று விட்டதும் தண்ணீர் பனைமர உயரம் பீய்ச்சியது. அம்மா தேங்காய் உடைத்தார். போர் வண்டிக்காரர், "ரெண்டு இஞ்ச் தண்ணிங்க, கவலையில்ல" என்றார்.

அந்த "ரெண்டு இஞ்ச்" பற்றி ஒரு வார்த்தை. அது தண்ணீர் பாய்கிற பருமனைக் கண்ணால் பார்த்துச் சொல்கிற அளவு. லிட்டர் கணக்கில் எவ்வளவு என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பொருந்தாது. போர் போட்ட அன்றைக்குக் காற்றழுத்தத்தில் வெளியே வருவதில் பெரும்பங்கு பாறை இடுக்குகளில் காலங்காலமாகத் தேங்கியிருந்த தண்ணீர். அது சேமிப்பு. தினமும் ஊறி வருவதுதான் சம்பளம். நான் சேமிப்பைப் பார்த்துச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

போருக்குள் இறக்குகிற சப்மர்சிபிள் மோட்டார், ஏழரை எச்.பி.யில் வாங்கி 500 அடியில் இறக்கினோம். முதல் நாள் பார்க்க வேண்டுமே. இரண்டு இஞ்ச் குழாய் நிரம்பி வழிந்தது, செல்போனில் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். இருபது நிமிஷம் கழித்து குழாய் இருமியது. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று, அப்புறம் வெறும் காற்று. ஆஃப் செய்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி இருபது நிமிஷம் அருவி. சரி, இப்படியே விட்டு விட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்று இருந்தோம். தினமும் ஏழெட்டுத் தடவை ஸ்டார்ட் பண்ணுவது, காற்று வந்ததும் ஓடிப்போய் நிறுத்துவது. ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் மோட்டார் எரிந்திருந்தது.

எனக்கு அப்போது புரியாதது இதுதான்: ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலே இருக்கிறதே, அது ஏன் நிறுத்தவில்லை? மெக்கானிக் சிரித்தார். ஓவர்லோட் ரிலே, ஆம்பியர் ஏறினால்தான் நிறுத்தும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாருக்கு வேலையே இல்லை, ஆம்பியர் இறங்கிவிடும். 13 ஆம்பியர் காட்டிய மீட்டர் 7 காட்டும். ரிலேயின் கணக்கில் அது சுகமாக ஓடுகிற மோட்டார். உள்ளே என்னவென்றால் பம்பின் தண்டைத் தாங்குகிற புஷ்கள் தண்ணீர் இல்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும், மோட்டாரைச் சுற்றி நிற்கிற தண்ணீர் நகராமல் அங்கேயே சுட்டுக்கொண்டிருக்கும். ஆம்பியர் குறைந்தாலும் நிறுத்துகிற டிரை ரன் பாதுகாப்பு தனி. ஸ்டார்ட்டர் இருக்கிற பெட்டியான பேனல் போர்டு வாங்கும்போது நாலாயிரம் மிச்சம் பிடிக்கலாமென்று அதை வேண்டாமென்றவன் நான். காயிலை மறுபடி சுற்றும் ரீவைண்டிங், மோட்டார் தூக்கும் வண்டி, கூலி எல்லாம் சேர்த்து ஒவ்வொரு தடவையும் பதினைந்தாயிரத்துக்குக் குறையவில்லை.

இரண்டாவது தடவை எரிந்தது ராத்திரி. மூன்று பேஸில் ஒன்று போய்விட்டது, மோட்டார் மற்ற இரண்டு பேஸில் முக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஒரு பேஸ் போனால் நிறுத்துகிற பிரிவென்டர் பேனலில் இருந்தது. அதைப் பைபாஸ் பண்ணி, கன்டென்சர் போட்டு டூ பேஸில் ஓடுகிற மாதிரி வயர்மேன் மாற்றிவிட்டிருந்தார். யார் சொல்லி? நான் சொல்லித்தான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஓடும், ஆனால் மோட்டாரின் ஆயுளைத் தின்று ஓடும்.

மூன்றாவது தடவை தூக்கியபோதுதான் அந்தப் பெரியவர் வந்தார். வெள்ளகோவில் பக்கம், நாற்பது வருடமாக மோட்டார் வேலை. பெயர் போட்டால் திட்டுவார், அதனால் மெக்கானிக் அண்ணன் என்றே சொல்கிறேன். பம்பைப் பிரித்து, உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர்களை ஒவ்வொன்றாகச் சாக்கின் மேல் அடுக்கினார். மணல் அரித்து ஓரங்கள் பிளேடு மாதிரி மெலிந்திருந்தன. "எத்தன எச்.பி. போடலாங்கண்ணா?" என்றேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"தண்ணி எவ்வளவு வருது தம்பி, அதைச் சொல்லுங்க முதல்ல."

"ரெண்டு இஞ்ச்சுங்க."

"இஞ்ச்ச கொண்டுபோயிக் கதவு அளங்க. லிட்டர் சொல்லுங்க."

தெரியாது என்றேன். "மூணு தடவ மோட்டார் தூக்கியிருக்கீங்க, ஒருக்கா அளக்கத் தோணலையா?" என்றார். தோணவில்லைதான்.

பம்பைச் சரி செய்து இறக்கிய அன்றே அளந்தோம். தேவைப்பட்டது மூன்று சாமான்: 200 லிட்டர் பேரல், செல்போன் ஸ்டாப்வாட்ச், குழாயில் ஒரு கேட் வால்வு. மோட்டார் போட்ட புதிதில் பேரல் 65 விநாடியில் நிறைந்தது, அதாவது விநாடிக்கு 3 லிட்டர். இருபது நிமிஷத்தில் வழக்கம்போல இருமல். உடனே நிறுத்தவில்லை அவர். வால்வைக் கொஞ்சங் கொஞ்சமாக மூடினார். காற்று நின்று தண்ணீர் சீராகும் வரை மூடிவிட்டு, ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். மறுபடி காற்று வந்தது, இன்னொரு கால் சுற்று மூடினார். இன்னும் ஒரு மணி நேரம். அதற்கப்புறம் காற்றே வரவில்லை. பேரலை வைத்தோம்: 200 லிட்டருக்கு 200 விநாடி.

விநாடிக்கு ஒரு லிட்டர். மணிக்கு 3,600. இதுதான் என் போரின் உண்மையான சம்பளம்.

அப்படியானால் முதல் இருபது நிமிஷ அருவி எங்கிருந்து வந்தது? அவர் குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டார். ஆறரை இஞ்ச் போரில் ஓரடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். ராத்திரி முழுக்க ஊறி 180 அடிக்கு ஏறி நிற்கிறது, மோட்டார் 500 அடியில் இருக்கிறது. நடுவில் 320 அடி, அதாவது 2,080 லிட்டர். வருவது விநாடிக்கு ஒன்று, நீ எடுப்பது மூன்று. நிகரமாக விநாடிக்கு இரண்டு லிட்டர் குறைகிறது. பதினேழு, பதினெட்டு நிமிஷத்தில் காலி. ஒன்றரை வருடம் நான் புரியாமல் முழித்த விஷயம், மண்ணில் நாலு வரி.

அதன் பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். இந்தத் தடவை கடைக்காரர் "எத்தனை எச்.பி.ங்க?" என்றதும் அண்ணன், "சார்ட் எடுங்க" என்றார். மேசைக்கு அடியிலிருந்து தூசி தட்டி ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு மாடலுக்கும் எத்தனை மீட்டர் உயரத்துக்கு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்கிற அட்டவணை. உயரத்தை ஹெட் என்பார்கள். ஹெட் ஏற ஏறத் தண்ணீர் குறையும். ஒரே 5 எச்.பி.யில் பத்துப் பன்னிரண்டு மாடல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஸ்டேஜ், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இம்பெல்லர், குறைவாக உள்ள பம்பு, குறைந்த உயரத்துக்கு நிறையத் தள்ளும். ஸ்டேஜ் அதிகமாக உள்ளது, கொஞ்சம் தண்ணீரை ரொம்ப உயரத்துக்குத் தூக்கும். எச்.பி. ஒன்றேதான், ஆனால் ஒன்று வண்டி மாடு, இன்னொன்று மலை ஏறுகிற கழுதை. எச்.பி. மட்டும் சொல்லி மோட்டார் வாங்குவது, செருப்புக் கடையில் போய் "முன்னூறு ரூபாய்க்கு ஒரு செருப்பு" என்று கேட்கிற மாதிரி. கால் அளவைச் சொல்ல வேண்டாமா?

எங்கள் அளவு இப்படி வந்தது. ஹெட்டைப் போரின் ஆழத்தில் இருந்து எண்ணக் கூடாது, ஓடும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்து எண்ண வேண்டும். கடைசி மட்டமாக 480 அடி வைத்துக்கொண்டோம். தரைத்தொட்டி உயரம், குழாய் உராய்வு எல்லாம் சேர்த்து 525 அடி, ஏறக்குறைய 160 மீட்டர். விநாடிக்கு 1 லிட்டரை 160 மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்தால் (விநாடிக்கு 75 கிலோவை ஒரு மீட்டர் தூக்குவது ஒரு எச்.பி.) 2.1 வருகிறது. தண்ணீரைத் தூக்க மட்டும் தேவைப்படும் எச்.பி. அது. இந்த மாதிரி தண்ணீர் குறைவாக, ஸ்டேஜ் அதிகமாக உள்ள பம்புகள் கொடுக்கிற சக்தியில் பாதிக்கு மேல் தாங்களே விழுங்கிவிடும். அதையும் சேர்த்தால் நாலே முக்கால். ஆக 5 எச்.பி., 160 மீட்டரில் நிமிஷத்துக்கு 55 லிட்டர் தரும் மாடல். போர் தருவது 60. "எப்பவும் போர் குடுக்கறதுல கொஞ்சம் கம்மியா எடுக்கோணும் தம்பி. பால் கறக்கறப்ப கன்னுக்கு விடறதில்லையா, அப்படி" என்றார்.

இதில் இன்னொரு அழகு உண்டு. காலையில் தண்ணீர் 180 அடியில் இருக்கும்போது இந்தப் பம்பும் கொஞ்சம் அதிகமாகத்தான் தள்ளும். மட்டம் இறங்க இறங்க ஹெட் கூடி, தள்ளுவது தானாகக் குறைந்து, ஊறும் அளவோடு சமமாகி நின்றுவிடும். அளவு சரியாக இருந்தால் டிரை ரன் ரிலேக்கு வேலையே வராது. எனக்கு இந்த ஆறு வருடத்தில் ஐந்தாறு தடவைதான் டிரிப் ஆகியிருக்கும், அதுவும் சித்திரையில்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. ஹெட் அதிகமாக வைத்துக்கொள்வோம், நல்லதுதானே என்று 160 மீட்டர் பம்பை, எப்போதும் 60 மீட்டரிலேயே தண்ணீர் நிற்கிற போரில் போடுவார்கள். அது அளவுக்கு மீறித் தள்ளும், ஆம்பியர் ஏறும், காயில் சூடாகும். மோட்டாரின் பெயர்த் தகட்டில் ஹெட் ரேஞ்ச் என்று இரண்டு எண் இருக்கும். மோட்டார் ஓடிச் சீரான பிறகு நிற்கிற உங்கள் மட்டம் வருடம் முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதே தகட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், சப்மர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034, ஓப்பன்வெல்லுக்கு ஐ.எஸ். 14220. ஸ்டார் லேபிளும் உண்டு. இலவச மின்சாரத்தில் ஸ்டார் எதற்கு என்று கேட்பார்கள். குறைந்த ஆம்பியர் என்றால் கேபிளில் சூடு குறைவு, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாரம் குறைவு.

எந்தக் கம்பெனி என்பதில் நான் ரொம்ப அலட்டிக்கொள்வதில்லை. எங்கள் பக்கம் டெக்ஸ்மோ வீடு, சி.ஆர்.ஐ. வீடு, சுகுணா வீடு என்று கட்சி மாதிரி தலைமுறையாகப் பிரிந்து கிடக்கிறோம். நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த 1930-களுக்குப் பிறகு கோயம்புத்தூரில் வளர்ந்த தொழில், பக்கத்திலேயே இருப்பதால் எல்லாமே கிடைக்கும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இம்பெல்லரும் புஷ்ஷும் காங்கேயத்திலேயே கிடைக்குமா, அதைப் பிரித்துப் பழகிய கை இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறதா.

கேபிள் விஷயத்தில் நான் ஏமாந்தது தனிக் கதை. பழைய மோட்டாருக்குக் கடையில் 2.5 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மி.மீ.) கேபிள் கொடுத்திருந்தார்கள். போரிலிருந்து பேனல் வரை மொத்தம் 650 அடி. 13 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கேபிளிலேயே 33 வோல்ட் போய்விடும். எங்கள் லைனில் மாலை நேரத்தில் 360 வோல்ட் வந்தால் பெரிய விஷயம். ஆக அடியில் கிடக்கிற மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 327. வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூடும், ஆம்பியர் கூடினால் கேபிளில் இன்னும் போகும். இப்போது 9 ஆம்பியர் மோட்டாருக்கு 4 ஸ்கொயர் போட்டிருக்கிறேன், 14 வோல்ட்தான் போகிறது. மோட்டார் விலையில் பேரம் பேசுங்கள், கேபிள் பருமனில் பேசாதீர்கள்.

குழாயும் அப்படித்தான். சித்தப்பாவின் கிணற்றில் 5 எச்.பி. ஓப்பன்வெல். அங்கிருந்து ஆயிரம் அடி தள்ளி இருக்கிற மேட்டுக்காட்டுக்கு இரண்டு இஞ்ச் குழாய். தண்ணீர் போதவில்லை, 10 எச்.பி. போடப் போகிறேன் என்று கிளம்பினார். விநாடிக்கு 6 லிட்டரை இரண்டு இஞ்ச் குழாயில் ஆயிரம் அடி தள்ளினால் உராய்வுக்கு மட்டும் 55 மீட்டருக்கு மேல் போகும். மூன்று இஞ்ச் குழாய் என்றால் 8 மீட்டர். குழாயை மாற்றினார். மோட்டார் அதேதான். இப்போது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தண்ணீர் பாய்கிறது. குழாய்க்குச் செலவானது, ஆனால் பெரிய மோட்டாரும் அதற்கு வேண்டிய பெரிய சர்வீஸும், அதாவது கூடுதல் எச்.பி.க்கான மின் இணைப்பும், மிச்சம்.

சர்வீஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விவசாய இலவச மின் இணைப்புக்கு வருடக் கணக்கில் காத்திருந்து வாங்குகிறோம். காத்திருக்காமல் பணம் கட்டி வாங்குகிற தட்கலில் போனவர்கள் 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம் கட்டினார்கள். வாங்கியது 5-க்கு, மாட்டுவது ஏழரை. நானும் அதைத்தான் செய்தேன். என்னைப் போல இருபது பேர் செய்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்ன ஆகும்? வோல்டேஜ் இல்லை என்று எல்லோரும் சேர்ந்து போய்ச் சண்டை போட்டோம். இருபது பேரில் ஒருவர்கூடத் தன் மோட்டார் எத்தனை எச்.பி. என்று வாயைத் திறக்கவில்லை.

விநாடிக்கு ஒரு லிட்டரை வைத்து என்ன விவசாயம் பண்ணுவது என்று கேட்கலாம். வாய்க்காலில் விட்டால் ஒன்றும் பண்ண முடியாது, பாத்தி போய்ச் சேர்வதற்குள் மண்ணே குடித்துவிடும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். தொட்டியில் சேர்த்துச் சொட்டுநீரில் விட்டால் கதை வேறு. பத்து மணி நேரம் ஓடினால் 33,000 லிட்டர் சேர்கிறது. கோடையில் தென்னைக்கு மரத்துக்கு 80 லிட்டர் என்று வைத்தாலும் 150 மரத்துக்கு 12,000. மீதியில் ஓர் ஏக்கர் தக்காளி தாராளமாக வரும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. தொட்டியிலிருந்து சொட்டுநீருக்குத் தள்ள ஒன்றரை எச்.பி. மோனோபிளாக் போட்டிருக்கிறேன். அப்பாவுக்கு அதைப் பார்த்தால் சந்தோஷம், பழைய ஆளைப் பார்த்த மாதிரி.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இப்போது கம்ப்ரசர் வைத்திருக்கிறார். மேலே காற்று அமுக்கி, உள்ளே வெறும் இரண்டு குழாய். காற்றை விட்டால் தண்ணீர் பொக்கு பொக்கு என்று துப்பும். ஒரே அளவு தண்ணீருக்கு சப்மர்சிபிளைவிடப் பல மடங்கு மின்சாரம் தின்னும். ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் போர் கோணல், மணலும் வரும், இரண்டு தடவை மோட்டார் உள்ளே சிக்கிக்கொண்டு அப்படியே போனது. உள்ளே சிக்க ஒன்றுமே இல்லாத ஏற்பாடு அவருக்கு நிம்மதி.

மாமா பையன் 5 எச்.பி. சோலார் போட்டிருக்கிறான், 4,800 வாட் பேனல், 60 சதவீதம் மானியத்தில். காலை ஒன்பது மணி வரை மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. வேகம் போதாமல் அந்த உயரத்துக்கு ஏறாது. அப்புறம் நாலு மணி வரை நன்றாக ஓடும். மெல்ல ஊறுகிற போருக்கு அது ஒத்துப்போகிறது. பகலில் மட்டும் என்பதால் தொட்டி இல்லாமல் சோலார் போடுவதில் அர்த்தமில்லை. தொட்டிக்கும் சேர்த்துக் காசு வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

மோட்டார் இறக்குகிற அன்றைக்கு நான் கூடவே நிற்கிறேன், டீ வாங்கப் போவதுகூட இல்லை. வாட்டர் கூல்டு மோட்டார் என்றால் உள்ளே சுத்தமான தண்ணீர் முழுக்க நிரப்பியிருக்கிறார்களா என்று திறந்து காட்டச் சொல்வேன். கேபிள் ஜாயின்ட்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் கருவி வைத்துப் பார்க்கச் சொல்வேன். அடியிலிருந்து சேறு இழுக்காத உயரத்தில் மோட்டார் நிற்க வேண்டும். கீழ் ஊற்றுக்கு மேலே நின்றால் இன்னும் நல்லது, தண்ணீர் மோட்டாரைத் தொட்டுக்கொண்டே மேலே ஏறும், சூடு தணியும். இறக்கிப் போட்டதும் தண்ணீர் குறைவாக வந்தால் பதற வேண்டாம். மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம், மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் புது மோட்டாரைச் சரியில்லை என்று திரும்பத் தூக்கிக் கடைக்கே கொண்டு போய்விட்டார். வயர் மாற்றினதும் கடை வாசலில் தொட்டியிலேயே சீறியது.

அண்ணன் சொல்லிக்கொடுத்த இன்னொரு பழக்கம், பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைப்பது. மாதம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் ஓடின பிறகு, வோல்ட், ஆம்பியர், பேரல் நிறைய எத்தனை விநாடி. ஆறு வருடக் கணக்கு இப்போது அந்தக் கதவில் இருக்கிறது, இடம் போதாமல் பக்கவாட்டிலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆம்பியர் மாறாமல் விநாடி கூடினால் மட்டம் இறங்குகிறது அல்லது பம்பு தேய்கிறது. வெயில் தணிந்து மழை வந்த பிறகும் விநாடி குறையவில்லை என்றால் தேய்மானம்தான்.

போன பங்குனியில் 218. இந்தப் பங்குனியில் 241. ஆம்பியர் 9-லேயே நிற்கிறது. தக்காளியை இந்தப் பட்டம் அரை ஏக்கராகக் குறைத்துவிட்டேன். மோட்டாரைத் தூக்கிப் பார்ப்பதா வேண்டாமா என்பதை ஐப்பசி கழித்துப் பேரலை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கிறேன்.